138 டாலருக்கு மகளிரியல்

கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். மகளிரியல் (விமன்ஸ் ஸ்டடீஸ்) அறிமுகப் பாடம் மூன்று யூனிட், ஆக 138 டாலர். அதற்குமேல் சுகாதாரக் கட்டணம், பார்க்கிங் என்று கொஞ்சம் சில்லறை சேரும். அதில் சேர்ந்திருக்கிறேன் என்று ஊருக்கு போன் போட்டுச் சொன்னபோது அம்மா, "ஹோம் சயின்ஸா?" என்று கேட்டார். இல்லைம்மா, மகளிரியல் என்றேன். "அதை வேற தனியா படிக்கணுமா" என்றவர், பையனுக்குச் சளி விட்டதா என்ற விசாரணைக்குப் போய்விட்டார்.

சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்து ஃப்ரீமான்ட்டில் இருக்கும் நம் ஆட்கள் கேட்பது வேறு: அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? நியாயமான கேள்விதான். ஆனால் கம்யூனிட்டி காலேஜில் மகளிரியலைப் பட்டத்துக்காகப் படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். என்னோடு வகுப்பில் உட்கார்ந்தவர்களில் அதுதான் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், என்று கை தூக்கியவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் நர்சிங்குக்குப் போகக் காத்திருப்பவர்கள், அக்கவுண்டிங் படிப்பவர்கள், பகலில் கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு மாலையில் வருபவர்கள், என்ன படிப்பது என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள். அவர்கள் ஏன் அங்கே வந்தார்கள் என்று பார்த்தால்தான் இந்தத் துறை எப்படி உயிரோடு இருக்கிறது, எதனால் செத்துப்போகக்கூடும் என்பது புரியும்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். 1995இல் புதுச்சேரியில் தொடங்கி நம் பக்கம் 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரில் நடப்பவை பெரும்பாலும் தொழிற்பயிற்சி சார்ந்தவை. அமெரிக்க கம்யூனிட்டி காலேஜில் தொழிற்கல்வியும் உண்டு, ஆனால் நான்கு வருடப் பட்டத்தின் முதல் இரண்டு வருடத்தையும் அங்கேயே முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய ஏற்பாடு இது. கலிஃபோர்னியாவில் மட்டும் இப்போது 116 கல்லூரிகள். நுழைவுத் தேர்வு கிடையாது, மார்க் பார்ப்பதில்லை, பதினெட்டு வயதானால் போதும், கதவு திறந்திருக்கும். 1984 வரை இந்த மாநிலத்தில் கட்டணமே இல்லை. நாடு முழுக்கப் பார்த்தால் இந்தக் கல்லூரிகளில் படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பெரும்பாலோர் வேலை, பிள்ளை, வயதான பெற்றோர் இதற்கெல்லாம் நடுவில் ஒன்றிரண்டு பாடமாக எடுத்து ஓட்டுகிறவர்கள்.

மகளிரியல் என்ற துறை முறையான பாடத்திட்டமாக முதலில் வந்ததும் இதே மாநிலத்தில்தான். 1970இல் சான் டியேகோ ஸ்டேட் கல்லூரியில். அது வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் கறுப்பின மாணவர்களும் மற்ற சிறுபான்மை மாணவர்களும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடத்தி, எங்கள் வரலாற்றை எங்களுக்குச் சொல்லிக்கொடு என்று தனித்துறையையே வாங்கியிருந்தார்கள். அந்தச் சூட்டில்தான் பெண்களும் கேட்டார்கள். 1972இல், அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் வந்தது. 1977இல் துறைக்கான தேசிய சங்கம் உருவானது. ஏறக்குறைய அதே நேரத்தில் இந்தியாவிலும் இது நடந்துகொண்டிருந்தது: பெண்களின் நிலை பற்றி அரசு அமைத்த குழு 1974இல் அறிக்கை கொடுத்தது, அதே வருடம் மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மையம் தொடங்கியது. அமெரிக்காவைப் பார்த்து நாம் காப்பியடித்தோம் என்று சொல்பவர்கள் இந்த வருடங்களைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பல்கலைக்கழகங்களில் இது வந்ததற்கும் கம்யூனிட்டி காலேஜுக்கு வந்ததற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பல்கலைக்கழகத்தில் கேட்டவர்கள் இருபது வயது மாணவிகளும் இளம் ஆசிரியைகளும். கம்யூனிட்டி காலேஜில் எழுபதுகளில் கூட்டமாக வந்து சேர்ந்தவர்கள் முப்பது, நாற்பது வயதுப் பெண்கள், கல்யாணத்துக்காகவோ பிள்ளைக்காகவோ படிப்பை விட்டவர்கள், விவாகரத்தாகி சம்பாதித்தே ஆகவேண்டிய நிலைக்கு வந்தவர்கள். அவர்களுக்காகப் பல கல்லூரிகள் 'ரீ-என்ட்ரி' என்ற பெயரில் தனித் திட்டங்களும் மகளிர் மையங்களும் வைத்தன: ஆலோசனை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம், அதோடு ஓரிரண்டு மகளிரியல் வகுப்பு. பாடம் அங்கே படிக்க வந்தவர்களின் வாழ்க்கையிலிருந்தே தொடங்கியது. இன்றைக்கும் அந்த வாடை போகவில்லை.

பெயர் மட்டும் நீண்டுகொண்டே போகிறது. மகளிரியல், பிறகு மகளிர் மற்றும் பாலினவியல், பிறகு அதோடு பாலியல்பும். கல்லூரிக்குக் கல்லூரி வேறு. நான் பழைய பெயரையே எழுதுகிறேன், விரல் வலிக்கிறது.

சரி, நர்சிங்குக்குக் காத்திருந்த ஒருத்தி ஏன் வந்தாள்? அவளிடமே கேட்டேன். "ஜி.இ." என்றாள், அவ்வளவுதான்.

ஜி.இ. என்பது பொதுக்கல்வி. இங்கே எந்தப் பட்டம் வாங்கினாலும் எழுத்து, கணக்கு, அறிவியல், கலை, சமூக அறிவியல் என்று ஒவ்வொரு வகையிலும் இத்தனை பாடம் முடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் அங்கீகரிக்கப்பட்ட பாடங்களின் பட்டியல் இருக்கும். மகளிரியல் அறிமுகம் பல கல்லூரிகளில் சமூக அறிவியல் பட்டியலில் இருக்கிறது. ஆக, உளவியலும் பொருளாதாரமும் நிரம்பிப்போன ஒருத்திக்கு, செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்குப் பொருந்தி வருகிற, பட்டியலில் டிக் அடிக்கக்கூடிய பாடம் இது. அவள் பெண்ணியத்தைத் தேடி வரவில்லை, கால அட்டவணையில் ஓட்டை இருந்தது, வந்தாள். மகளிரியலை ஆதரிப்பவர்களும் திட்டுபவர்களும் பேசும் பேச்சைக் கேட்டால், ஏதோ கொள்கை வெறியோடு இளைஞர்கள் திரண்டு போய்ச் சேரும் பாசறை என்று தோன்றும். நிஜத்தில் வகுப்பை நிரப்புவது இந்தப் பட்டியல்தான்.

அதனால் பட்டியலில் ஒரு வரி மாறினால் வகுப்பு ஆட்டம் காணும். மாறியும் இருக்கிறது. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து கலிஃபோர்னியாவில் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் சேர்த்து ஒரே பொதுக்கல்வித் திட்டம், கால்-கெட்சி என்று பெயர், மொத்தம் 34 யூனிட். 2021இல் வந்த ஏ.பி. 928 என்ற சட்டத்தின் விளைவு. மாணவர்களுக்கு இது நல்லதே, இரண்டு விதமான பட்டியலை வைத்துக்கொண்டு குழம்ப வேண்டியதில்லை. ஆனால் முன்பு அந்த இரண்டில் ஒன்றான கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) பல்கலைக்கழகங்களுக்கான பட்டியலில் 'ஏரியா ஈ' என்று ஒன்று இருந்தது, வாழ்நாள் கற்றலும் சுயமேம்பாடும் என்பது மாதிரி ஒரு தலைப்பு. பெண்கள் உடல்நலம் பற்றிய பாடங்கள் பலவும் அந்த நிழலில்தான் ஒதுங்கியிருந்தன. புதிய திட்டத்தில் அந்த ஏரியா இல்லை. சமூக அறிவியலிலும் அதற்குச் சில வருடம் முன்பு வரை மூன்று பாடம் கேட்டார்கள், இப்போது இரண்டு. இரண்டே இடம் என்றால் ஒருவர் எதை எடுப்பார்? உளவியல் ஒன்று, நர்சிங்குக்குத் தேவை. இன்னொன்று பெரும்பாலும் சமூகவியல் அல்லது பொருளாதாரம். யாரும் மகளிரியலுக்குத் தடை போடவில்லை, நாற்காலியை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு பக்கம் கதவு ஒன்று திறந்தும் இருக்கிறது. 2020இல் ஏ.பி. 1460 என்ற சட்டம் கால் ஸ்டேட் மாணவர்கள் எல்லோரும் இனக்கல்விப் பாடம் ஒன்று படித்தே தீரவேண்டும் என்றது. கறுப்பின அமெரிக்கர், பூர்வகுடிகள், ஆசிய அமெரிக்கர், லத்தீன் அமெரிக்கர் பற்றிய பாடங்கள். மகளிரியல் துறையின் பாடம் நேரடியாக இதில் செல்லாது. ஆனால் இனக்கல்வித் துறையோடு சேர்ந்து இரட்டைப் பெயரில் பதிவு செய்தால் செல்லும். அதனால் மெக்சிக வம்சாவளிப் பெண்களின் அரசியல், ஆசிய அமெரிக்கப் பெண்கள் என்ற மாதிரியான பாடங்களுக்கு வாழ்வு வந்தது, வெறும் 'பெண்' என்ற பாடத்துக்கு வரவில்லை. இது நல்லதா கெட்டதா என்று துறைக்குள்ளேயே சண்டை இருக்கிறது. எனக்கென்னவோ நல்லதாகத்தான் படுகிறது, காரணம் பின்னால் வருகிறது.

ஃப்ளோரிடாவில் நடந்ததைப் பார்த்தால் பட்டியலின் பலம் இன்னும் நன்றாகத் தெரியும். 2023 மே மாதம் ஆளுநர் டிசாண்டிஸ் எஸ்.பி. 266 என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பொதுக்கல்விப் பட்டியலின் மையப் பாடங்களில் 'அடையாள அரசியல்' இருக்கக்கூடாது என்று அது சொல்கிறது. 2024 ஜனவரியில் சமூகவியல் அறிமுகப் பாடத்தையே அந்த மையப் பட்டியலிலிருந்து மாநிலம் எடுத்துவிட்டது, அந்த மாநிலத்தில் கம்யூனிட்டி காலேஜ் இடத்தில் இருக்கும் 28 கல்லூரிகளுக்கும் அது பொருந்தும். செய்திகளில் அடிபட்டதென்னவோ நியூ காலேஜ் என்ற சின்னக் கல்லூரி தன் பாலினவியல் துறையை மூட முடிவெடுத்ததுதான். அது நாடகம், படம் பிடிக்க வசதி. சமூகவியலைப் பட்டியலிலிருந்து தூக்கியது ஒரு வரி திருத்தம், படம் பிடிக்க எதுவுமில்லை, ஆனால் பாதிக்கப்படும் மாணவர் எண்ணிக்கை எங்கேயோ இருக்கிறது.

பட்டியலுக்கு அடுத்து ஆட்களின் எண்ணிக்கை. பல கல்லூரிகளில் ஒரு வகுப்புக்கு இத்தனை பேர் சேராவிட்டால் ரத்து என்று விதி உண்டு, பதினைந்து இருபது என்று இடத்துக்கு இடம் மாறும். நான் முதல் தடவை பதிவு செய்தபோது பருவம் தொடங்க ஐந்து நாள் இருக்கையில் மின்னஞ்சல் வந்தது, பதினான்கு பேர்தான், வகுப்பு ரத்து, பணம் திரும்ப வரும் என்று. கல்லூரி பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான். பணம் திரும்ப வந்தது, ஆனால் அந்தப் பாடத்தை நம்பி வேலை நேரத்தை மாற்றிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு அந்த ஷிஃப்ட் திரும்பக் கிடைக்கவில்லை.

ரத்தாவதில் ஆசிரியருக்கு விழும் அடி இன்னும் மோசம். கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியர்களில் பெரும்பான்மை பகுதிநேரம். கலிஃபோர்னியாவில் பகுதிநேர ஆசிரியர் ஒரே கல்லூரி நிர்வாக மாவட்டத்தில் முழுநேரப் பணியின் 67 சதவீதத்துக்கு மேல் பாடம் எடுக்க முடியாது. மேலே போனால் நிரந்தரமாக்க வேண்டிவரும், அதனால் அந்த வேலி. வயிற்றுப்பாட்டுக்கு அவர்கள் மூன்று கல்லூரியில் எடுப்பார்கள், காரிலேயே வாழ்வார்கள். 'ஃப்ரீவே ஃப்ளையர்' என்று அவர்களுக்குப் பெயரே இருக்கிறது. எங்கள் ஆசிரியை காலையில் சான் ஹோசே பக்கம், மதியம் ஓக்லாந்து பக்கம், மாலையில் எங்களிடம். காரின் பின்சீட்டில் மூன்று பிளாஸ்டிக் கூடை, கல்லூரிக்கு ஒன்று. பெண்களின் உழைப்புக்குக் குறைந்த கூலி என்ற வாரம் வந்தபோது புள்ளிவிவரத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கூடைகளைப் பற்றித்தான் பேசினார். அலுவலக நேரம் எப்போது என்று யாரோ கேட்டதற்கு, என்னிடம் அலுவலகம் இல்லையே, பார்க்கிங் லாட்டில் எட்டு நிமிடம் தரலாம் என்றார்.

வகுப்புக்குள் நடந்ததில் இரண்டு விஷயம் சொல்லவேண்டும்.

மூன்றாவது வாரம் ஒரு வீட்டுப்பாடம். ஒரு நாளை அரைமணி அரைமணியாக 48 கட்டம் போட்ட தாள், நேற்று என்ன செய்தாய் என்று எழுதிக்கொண்டு வா. உலகமெங்கும் அரசுகள் எடுக்கும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் சின்ன வடிவம் அது. அமெரிக்கா 2003இலிருந்து வருடா வருடம் எடுக்கிறது. இந்தியா 2019இல் எடுத்ததில், வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் செலவழிப்பது 299 நிமிடம், செய்கிற ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. செய்கிற ஆண்கள் மட்டும் கணக்கில் வருகிறார்கள், கவனிக்கவும், செய்யாதவர்கள் தனி.

எனக்குக் கட்டம் நிரப்புவதில் ஒரு சிக்கல். உளுந்து ஊறப்போட இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் நாளை மறுநாள் காலை இட்லி, அதனால் நாளைக்கு மாவாட்டவேண்டும், அதனால் காலையிலேயே ஊறப்போடவேண்டும், உளுந்து தீர்ந்துவிட்டது, கடை ஒன்பதுக்குத்தான் திறக்கும் என்ற ஓட்டம் முந்தின நாள் மதியம் டென்டிஸ்ட் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோதே தலைக்குள் தொடங்கிவிட்டது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? டென்டிஸ்ட் கட்டத்திலா? ஆசிரியையிடம் கேட்டேன். தாளின் ஓரத்தில் எழுது என்றார். அடுத்த வாரம் எல்லோரும் தாளை மேசையில் பரப்பியபோது பார்த்தால், ஓரத்தில் எழுதியது நான் மட்டுமில்லை. கிடங்கில் வேலை செய்யும் பெண்ணின் தாளில் அம்மாவின் மாத்திரை நேரங்கள் மேலிருந்து கீழ் வரை ஓடின. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் தாளில் ஓரம் காலி, பதினோரு கட்டம் வீடியோ கேம். அவன் யோக்கியமாக எழுதிக்கொண்டு வந்தானே என்று எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது. இரவில் பாத்திரம் யார் கழுவியது என்று ஆசிரியை கேட்டதற்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தெரியாது என்றான்.

இன்னொன்று ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கு. எழுபதுகளின் நடுவில் ஐந்து கறுப்பினப் பெண்கள் அந்த கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். 1964க்கு முன் கம்பெனி கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு எடுத்தது. மந்தநிலை வந்தபோது கடைசியில் சேர்ந்தவர்களை முதலில் அனுப்பு என்ற சீனியாரிட்டி விதிப்படி ஆள் குறைத்தார்கள், 1970க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் எல்லோருக்கும் வேலை போயிற்று. நீதிமன்றம் என்ன சொன்னது? கம்பெனி முன்பே பெண்களை எடுத்திருக்கிறது, அதனால் பால் பாகுபாடு இல்லை. அந்தப் பெண்கள் வெள்ளைக்காரிகள் என்பது வேறு விஷயம். இனப் பாகுபாடு என்றால் ஏற்கெனவே அதே கம்பெனி மேல் நடக்கும் இன்னொரு வழக்கோடு போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் கலந்து புதிதாக ஒரு வகையை உண்டாக்க முடியாது. 1976இல் தீர்ப்பு. இதை வைத்துத்தான் சட்டப் பேராசிரியை கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இன்டர்செக்‌ஷனாலிட்டி என்ற சொல்லை முன்வைத்தார், சாலைகள் வெட்டிக்கொள்ளும் சந்திப்பில் நிற்பவள் மேல் எந்தப் பக்கத்திலிருந்தும் வண்டி மோதலாம் என்ற உவமையோடு. இன்று இந்தச் சொல்லைச் சொன்னாலே சிலருக்குக் கோபம் வருகிறது. வழக்கைச் சொல்லிவிட்டுப் பிறகு சொல்லைச் சொன்னால் யாருக்கும் கோபம் வருவதில்லை, எங்கள் வகுப்பில் வரவில்லை. கிடங்குப் பெண் உடனே, எங்கள் இடத்திலும் லேஆஃப் இப்படித்தான் நடந்தது என்று ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு அன்றிரவு ஞாபகத்துக்கு வந்தது எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைத்திருந்த தனி டம்ளர். வீட்டுவேலைக்கு வந்த பெண்மணிக்கு அதில்தான் காபி. வீட்டில் பெண்ணுக்கு என்ன மரியாதை என்று நானும் அம்மாவும் அப்பாவோடு எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறோம், அந்த டம்ளரைப் பற்றி யாரும் வாயைத் திறந்ததில்லை. அதைக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தேன். ஆசிரியைக்கு சாதி பற்றி ஓரளவு தெரிந்திருந்தது, ஏனென்றால் கால் ஸ்டேட் 23 வளாகங்களிலும் 2022 ஜனவரியில் பாகுபாடு தடுப்புக் கொள்கையில் சாதியைச் சேர்த்திருந்தது. அதற்கடுத்த வருடம் மாநிலச் சட்டமாகவே கொண்டுவந்த எஸ்.பி. 403ஐ ஆளுநர் நியூசம் மறுத்துத் திருப்பியதும் செய்தியில் வந்திருந்தது. என் கட்டுரையைப் பற்றிக் கேள்விப்பட்ட தோழி ஒருத்தி, வெள்ளைக்காரங்க முன்னாடி நம்ம ஊரை ஏன் விட்டுக்கொடுக்கறே என்றாள். கறுப்பினப் பெண்களிடமும் எழுபதுகளில் இதையேதான் சொன்னார்கள் என்பது அடுத்த வாரப் பாடத்தில் இருந்தது. வெறும் 'பெண்' என்ற பாடத்தை விட இரட்டைப் பெயர்ப் பாடங்கள் வாழட்டும் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

குறையும் சொல்லவேண்டும். 'உலகப் பெண்கள்' என்று ஒரே ஒரு வாரம் வைத்திருந்தார்கள். அதில் இந்தியா வந்தது, உடன்கட்டையும் வரதட்சணையுமாக, நாற்பது நிமிடம். எனக்கு எரிச்சலாகிவிட்டது. அடுத்த வாரம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது, தமிழ்நாட்டுச் சட்டத்தில் அது வர 1989 ஆனது, இந்தியா முழுக்க வர 2005 ஆனது. புரோகிதர் இல்லாமல் செய்துகொண்ட கல்யாணங்கள் நாற்பது வருடம் போல சட்டத்தின் கண்ணில் கல்யாணமாகவே இல்லாமலிருந்து 1967இல்தான் செல்லும் என்றானது. இதைச் சொன்னபோது ஆசிரியை குறிப்பு எடுத்துக்கொண்டார். மூன்று கல்லூரிக்கு ஓடும் ஒருவருக்குப் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுத யார் சம்பளம் தரப்போகிறார்கள் என்பதையும் யோசிக்காமல் குறை சொல்ல மனமில்லை.

நலத்திட்டச் சட்டம் பற்றிய வாரம் அமைதியாக இருந்தது. 1996இல் கிளின்டன் காலத்தில் ஏழைத் தாய்மாருக்கான உதவித்தொகை விதிகளை மாற்றி, உதவி வேண்டுமானால் வேலை பார், படிப்பையெல்லாம் வேலையாகக் கணக்கெடுக்க முடியாது, தொழிற்கல்வியானால் பன்னிரண்டு மாதம் வரை பார்க்கலாம் என்று கொண்டுவந்தார்கள். கலிஃபோர்னியாவில் அந்தத் திட்டத்துக்கு கால்வொர்க்ஸ் என்று பெயர், கல்லூரிக்குள்ளேயே அதற்கான அலுவலகம் உண்டு. பல்கலைக்கழகத்தில் இது ஒரு 'கொள்கை'. எங்கள் வகுப்பில் பின்வரிசையில் மகளுக்குக் கிரேயானும் தாளும் கொடுத்து உட்காரவைத்திருந்த ஒருத்தி, இந்த வகுப்பு உதவித்தொகைக்குக் காட்டவேண்டிய வேலை மணிக்கணக்கில் சேருமா என்று அந்த அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிவந்த படிவத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அதன் பிறகு புத்தகத்தை யாரும் திறக்கவில்லை.

இனி அந்த வேலைக் கேள்வி. மகளிரியலில் இரண்டு வருட அசோசியேட் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடினால் கஷ்டம், அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. அது பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான படிக்கட்டு. 2010இல் வந்த எஸ்.பி. 1440 சட்டப்படி, இடமாற்றத்துக்கான அசோசியேட் பட்டம் முடித்தால் கால் ஸ்டேட் வளாகம் ஏதாவது ஒன்றில் மூன்றாம் வருடத்தில் இடம் உறுதி. நீங்கள் கேட்கும் வளாகம்தான் என்பது உறுதியில்லை. மகளிரியலுக்கு இது பெரும்பாலும் 'சமூக நீதிக் கல்வி' என்ற பட்டத்தின் ஒரு பிரிவாக வருகிறது. பல்கலைக்கழகம் போனபின் சமூகப் பணி, சட்டம், பொதுச் சுகாதாரம், ஆசிரியப் பணி என்று பிரிகிறார்கள். நர்சிங், உளவியல் என்று வேறு மேஜர் வைத்துக்கொண்டு இதில் இரண்டு மூன்று பாடம் எடுப்பதே என் கணக்கில் புத்திசாலித்தனம். குடும்ப வன்முறை ஆலோசகராகச் சட்டப்படி ரகசியக் காப்பு உரிமையோடு வேலை செய்ய கலிஃபோர்னியாவில் குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி வேண்டும். இந்த வட்டாரத்தில் தெற்காசியப் பெண்களுக்காகவே 1991இல் தொடங்கிய மைத்ரி, 1992இல் தொடங்கிய நாரிகா போன்ற அமைப்புகள் இருக்கின்றன, தமிழ் பேசத் தெரிந்தவர்களுக்கு அங்கே மதிப்பு உண்டு.

எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் துணையாக, இருக்கும் நம் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. படிக்க விசா மாற்ற வேண்டியதில்லை. மாநிலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்து, இங்கேதான் குடியிருக்கிறோம் என்று காட்ட முடிந்தால் அந்த 46 டாலர் உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதி வரும். எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர்கள் கட்டுவது பல மடங்கு. வேலைக்கான அனுமதி 2015இல் வந்தது, அதுவும் பெரும்பாலும் கணவரின் ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு அங்கீகரிக்கப்பட்டவர்களுக்கு. அதுவரை படித்த படிப்பை மடித்து வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று நம் அபார்ட்மென்ட் பார்க்கில் மாலை ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்தால் தெரியும். எழுபதுகளில் வந்த 'ரீ-என்ட்ரி' பெண்களுக்கும் இவர்களுக்கும் அதிக தூரமில்லை.

நான் வகுப்பில் சேர்ந்தது இரண்டாவது முயற்சியில். அப்போதும் கடைசி வாரம் வரை பதினெட்டு பேர்தான். ஆசிரியை எல்லோருக்கும் மின்னஞ்சல் போட்டார், தெரிந்தவர்களைக் கூட்டி வாருங்கள் என்று. கீழ்வீட்டுப் பெண்ணிடம் பேசினேன், கோயம்புத்தூர்க்காரி, எம்.காம்., எச்-4. "அக்கா, ஹோம்வொர்க் இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். அவளும் இன்னொருவரும் சேர வகுப்பு தப்பியது, தொடங்கிய பிறகு மளமளவென்று முப்பதைத் தொட்டது. கல்லூரிக்கு அரசுப் பணம் வருவது பெருமளவு பருவத்தின் ஐந்தில் ஒரு பங்கு முடிகிற நாளில் எத்தனை பேர் பதிவில் இருக்கிறார்கள் என்று எடுக்கும் கணக்கை வைத்து, அந்த நாளுக்கு சென்சஸ் டே என்று பெயர். இதை நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். ஐந்தாவது வாரம் காரில் வரும்போது, "அக்கா, சென்சஸ் முடிஞ்சிருச்சில்ல, இனி நான் டிராப் பண்ணினா உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்றாள். அவளுடைய வேலை அனுமதி வந்துவிட்டது, மாலை ஷிஃப்டில் கணக்கு எழுதும் வேலை. இல்லை, தாராளமாகப் பண்ணு என்றேன். 48 கட்டத் தாளை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். ஓரத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தாள்.